எண்ணூறு டிகிரி

3.6.2024, திங்கள்

காலை 9.10-க்கு ஃபர்னஸ் படுத்துவிட்டது. ரன் போட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூடு அளக்கும் சென்சார் செத்துவிட்டது. திரையில் எண் வரவில்லை, நாலு கோடுதான் வந்தது. இசக்கியம்மாள் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தாள். வந்து பார்த்து, "நல்ல நேரம் பாத்தது அண்ணாச்சி இது" என்றாள்.

பின்னால் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று விளக்கமாக எழுதுவது என் வழக்கம். இந்த இயற்பியல் துறையில் இருபத்தாறு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். டைரி எழுதாத நாள் கிடையாது. எந்தத் தேதியில் கரண்ட் போனது, எந்த வருடம் கூரை ஒழுகியது என்று யாருக்காவது தெரியவேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். "நயினார் டைரியில இருந்தா அது நடந்தது" என்று துறைத்தலைவர் எமிமா மேடம் ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் சொன்னார். அதையும் அன்றைக்கே எழுதி வைத்தேன்.

இனி கருவி. ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலுக்கு வைப்பார்களே நெபுலைசர், அதற்கு அண்ணன் மாதிரி ஒன்று எங்களிடம் இருக்கிறது. சீரியம் உப்பைக் கரைத்த தண்ணீரை அதில் ஊற்றினால் பனி மாதிரி கிளம்பும். காற்று அந்தப் பனியைத் தள்ளிக்கொண்டு போய், ஃபர்னஸுக்குள் படுத்திருக்கும் குவார்ட்ஸ் குழாய்க்குள் விடும். எண்ணூறு டிகிரி. ஒவ்வொரு துளியும் போகிற வழியிலேயே காய்ந்து, வெந்து, உருண்டையாகி, அந்தப் பக்கம் ஃபில்டரில் விழும். தொண்ணூறு நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஆயிரம் உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். நாள் முழுக்க ஓட்டினால் வெளிர்மஞ்சளாக ஒரு சிட்டிகைப் பொடி கிடைக்கும். லென்ஸுக்கு மெருகேற்ற ஆகும். உருண்டை உள்ளேயும் கெட்டியாக இருந்தால்தான் ஆகும்.

உள்ளே கெட்டியான உருண்டை, எண்ணூறு டிகிரியில், ஒவ்வொரு தடவையும். இதுதான் இசக்கியின் மூன்று வருட ஆராய்ச்சி. தீசிஸ் போன மார்ச்சில் போய்விட்டது. வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர் எல்லாம் நன்று என்று எழுதிவிட்டு, புதிதாக ஐந்து ரன் போட்டு அதே பொடி வருகிறதா என்று காட்டச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் பத்துக்குள் அனுப்ப வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை நிச்சயமாகியிருக்கிறது. செப்டம்பரில் பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். ஐந்து ரன்தானே, பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்றேன்.

5.6.2024, புதன்

மதுரையிலிருந்து புது சென்சாரும் புது கன்ட்ரோலரும் திங்கட்கிழமை வரும். மூன்றாவது மாடிக் குழாயில் தண்ணீர் இல்லை. வண்டிக்கு ஆயில் மாற்றினேன்.

10.6.2024, திங்கள்

மதுரைக்காரர் வந்து புதியதை மாட்டினார். ரசூல் என்று பெயர். கை சுத்தமான வேலைக்காரர். பழைய சென்சாரை வெளியே உருவியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு கம்பிகள் உண்டு, கால் என்போம். ஒரு கால் துருப்பிடித்துப் பாதி உதிர்ந்திருந்தது. கே வகை சென்சார் என்று தாளில் போட்டிருக்கிறதே, கே வகையில் இப்படித் துரு ஏறாதே, இதை யார் போட்டது என்று கேட்டார். குழாயிலிருந்து ஈரம் கசிந்திருக்கும் என்றேன். யார் போட்டது என்பதற்கு, கம்பெனிக்காரர்களாக இருக்கும், நினைவில்லை என்றேன். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை.

பழையதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. என் டூல் பையில் வைத்திருக்கிறேன்.

ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் 'சென்சார்: கே வகை. சரிபார்க்கப்பட்டது' என்று மூன்று ஜனவரிக் கையெழுத்து இருக்கிறது. தாள் பழசாகிவிட்டது. கிழித்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.

14.6.2024, வெள்ளி

முதல் ரன். எண்ணூறு டிகிரி. புதுக் கருவி ஒரு டிகிரிகூட அசையாமல் நிற்கிறது. குழாயின் வாய் தக்காளிப்பழ நிறத்தில் பளிச்சென்று இருந்தது. முன்பெல்லாம் வெற்றிலைக் காவி மாதிரி மங்கலாக இருக்கும். புதுக் கருவி என்றால் புதுக் கருவிதான்.

சாயங்காலம் பொடியைத் தட்டிப் பார்த்தோம். இது என் கைவேலை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடை பார்த்த பொடியைப் போட்டு, மேசையில் நூறு தடவை தட்டினால் எவ்வளவு உயரத்துக்கு அமர்கிறது என்று பார்ப்பது. வழக்கமாக ஏழாவது கோட்டில் நிற்கும். இன்றைக்குப் பதினைந்தில் நின்றது. இன்னொரு நூறு தட்டினேன். பதினாலரை.

அதே எடை, இரண்டு பங்கு இடம். அரிசி போட்ட படியில் பொரியைப் போட்ட மாதிரி. இசக்கி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

21.6.2024, வெள்ளி

இரண்டாவது ரன்னும் அப்படித்தான்.

இசக்கி மதுரைக்குப் போய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து வந்தாள். வெளியே பார்த்தால் அழகான உருண்டைகள், குறை சொல்ல முடியாது. பொடியைக் கல்வத்தில் இலேசாக நசுக்கிவிட்டு எடுத்த படத்தில் எல்லாம் உடைந்த முட்டை ஓடு. உள்ளே ஒன்றுமே இல்லை.

"எல்லாம் பூரி அண்ணாச்சி" என்றாள்.

துளியைச் சட்டென்று அதிகச் சூட்டில் விட்டால், மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி ஊதிவிடும். அவளே விளக்கினாள். சூடு கூடியிருக்குமோ என்று கேட்டாள். புதுக் கருவி, ரசூல் சரிபார்த்துக் கொடுத்தது, எப்படிக் கூடும் என்று கேட்டேன்.

25.6.2024, செவ்வாய்

இந்தப் பதினோரு நாளில் மாற்றிப் பார்த்தவை: உப்பு புதுப் பாட்டில். தண்ணீர் வேறு. நெபுலைசர் தட்டு புதிது. காற்றின் வேகம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. குவார்ட்ஸ் குழாயை ஆசிடில் கழுவிப் போட்டது ஒன்று. ஃபில்டர் தாள் வேறு. நாலு ரன், நாலும் பூரி. இசக்கி ஒரு கிலோவாவது இளைத்திருப்பாள். மத்தியானச் சாப்பாட்டை மூடியபடியே திருப்பி எடுத்துப் போகிறாள்.

இன்றைக்கு, எழுநூறில் வைத்து ஒன்று ஓட்டிப் பார்ப்போமா என்றாள். எழுநூறில் ஓட்டினால் பொடி பாதிதான் வேகும் என்று தீசிஸில் நீயேதானே எழுதியிருக்கிறாய், அதைக் கொண்டுபோய்த் தேர்வாளரிடம் காட்டவா முடியும் என்றேன். யோசித்துவிட்டு, "அதுஞ் சரிதான்" என்றாள்.

வெப்பம் மட்டும் மாறவில்லை. அதைத் தொட வேண்டியதில்லை.

28.6.2024, வெள்ளி

பழைய சென்சாரின் துருப்பிடித்த காலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பச்சை இரும்பு. கே வகையில் இரும்பு கிடையாது. ஜே வகையில்தான் ஒரு கால் இரும்பு.

என் மனைவி உலகம்மாளுக்கு மூட்டு வலி அதிகமாக இருக்கிறது. தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன். வானம் மூடிக்கொண்டிருந்தது.

4.7.2024, வியாழன்

பதினொன்றரைக்கு மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

மேசைமேல் பழைய படங்களும் புதுப் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேடம் கோபக்காரர் இல்லை. இன்றைக்கும் கோபப்படவில்லை, அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒரு பொடியை மூன்று வருடம் செய்தவளுக்கு அது மறுபடி ஒரு தடவைகூட வரவில்லை என்றால் வெளியே என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இசக்கி, நான் உன் அம்மா மாதிரி கேக்குறேன். அந்தப் பழைய படங்கள் நம்ம பொடிதானா?"

இசக்கிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சிதான் மேடம் எல்லா ரன்னுக்கும் கூட இருந்தாவ. அவியள்ட்டயே கேளுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். டூல் பை என் காலடியில்தான் இருந்தது. நான் ரன் போட்டது உண்மை மேடம், படம் மதுரையில் எடுத்தது, அதைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை.

வெளியே வந்தபிறகு இசக்கி என்னோடு படி இறங்கவில்லை. லிஃப்டில் போனாள். அவள் லிஃப்டில் ஏறி நான் பார்த்ததில்லை.

5.7.2024, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

8.7.2024, திங்கள்

புது கன்ட்ரோலரின் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. எந்த வகை சென்சார் எத்தனை டிகிரியில் எவ்வளவு மில்லிவோல்ட் தரும் என்று. கே வகை எண்ணூறு டிகிரியில் தருவதை ஜே வகை அறுநூறிலேயே தந்துவிடுகிறது. ஆக, கே மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கருவியில் யாராவது ஜேயை மாட்டிவிட்டால், உள்ளே அறுநூறுதான் இருக்கும், திரை எண்ணூறு என்று காட்டும். எத்தனை வருடமானாலும் காட்டிக்கொண்டே இருக்கும். இரும்புக் கால் துருப்பிடித்து அறுந்து விழும்வரை.

பொது அறிவுக்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் இருக்கிறது. இந்தத் துறையில் நான் தப்புச் செய்தேன் என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. மேலே கூரை ஒழுகினால்கூட என் டைரியைப் பார்த்துவிட்டுத்தான் பொறியாளரைத் திட்டுவார்கள்.

10.7.2024, புதன்

காலை ஏழரைக்கே லேபுக்குப் போய்விட்டேன். கன்ட்ரோலரில் சின்ன செட்டிங் ஒன்று செய்தேன். விவரம் எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை.

இசக்கி வந்ததும், புதுக் கருவியில் ஒரு செட்டிங் சரியில்லாமல் இருந்தது, சரிபண்ணிவிட்டேன், இன்றைக்கு ஒன்று ஓட்டிப் பார் என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான் உப்பைக் கரைத்தாள். திரையில் எண்ணூறு. குழாயின் வாய் வெற்றிலைக் காவி.

12.7.2024, வெள்ளி

ஏழாவது கோடு.

நூறு தட்டுத் தட்டி முடித்ததும் இசக்கி குழாயை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மேசையடியில் குனிந்து எதையோ தேடுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சீனிமிட்டாய் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். "அண்ணாச்சி இல்லேன்னா நான் செத்துருப்பேன்" என்றாள். உலகம்மாளிடம் கொடுத்தேன். அவளுக்குச் சர்க்கரை, தெரிந்தும் இரண்டு தின்றாள். நான் தின்னவில்லை.

31.7.2024, புதன்

ஐந்து ரன்னும் முடிந்தது. ஐந்தும் ஏழாவது கோடு. மதுரைப் படங்களில் நசுக்கிப் பார்த்தாலும் உடையாத கெட்டி உருண்டைகள். மேடம் இசக்கியைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னையும் பாராட்டினார்.

2.8.2024, வெள்ளி

ரிப்போர்ட் அனுப்பியாயிற்று. அதில் ஐந்து இடத்தில் எண்ணூறு டிகிரி என்று இருக்கிறது. இசக்கி தட்டச்சு செய்தாள், மேடம் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் வரையில் அவள் எழுதிய எண்ணூறு, தெரியாமல் எழுதியது. இந்த எண்ணூறு அப்படியில்லை. அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தாளில் அவள் பெயர்தான் இருக்கிறது.

தூக்கம் சரியில்லை. ஜெலுசில் குடித்தேன்.

13.8.2024, செவ்வாய்

தேர்வாளருக்கு முழுத் திருப்தி. வாய்மொழித் தேர்வு செப்டம்பர் 6. துறையே சந்தோஷமாக இருக்கிறது. இசக்கி அன்றைக்குக் காட்டுவதற்குப் படங்கள் சேர்க்கிறாள். போனில் இருக்கும் பழைய லேப் படங்களை எல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

16.8.2024, வெள்ளி

நேற்று கொடியேற்றத்துக்கு வந்தபோதுகூட சிரித்துப் பேசினாள். இன்றைக்குக் காலை நான் உள்ளே நுழையும்போது கன்ட்ரோலர் முன்னால் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. போனைத் தள்ளி வைத்தாள்.

மூன்று படம். எல்லாவற்றிலும் ஃபர்னஸின் வாய், எல்லாவற்றிலும் திரையில் எண்ணூறு. 2022-இல் எடுத்ததில் வெற்றிலைக் காவி. இந்த ஜூனில் எடுத்ததில் தக்காளிப்பழம். ஜூலையில் எடுத்ததில் மறுபடியும் காவி.

எண்ணூறுக்கு ஒரே நிறம்தான் அண்ணாச்சி இருக்க முடியும் என்றாள். பிறகு கன்ட்ரோலரின் பொத்தானை மூன்று தடவை அழுத்தினாள். உள்ளே இருக்கும் சூட்டோடு சேர்த்துக் காட்ட வேண்டிய எண் என்று ஒரு இடம் அதில் உண்டு. சென்சாரில் ஒன்றிரண்டு டிகிரி பிசகினால் சரிக்கட்டுவதற்காக வைத்தது. அதில் இருநூறு என்று இருந்தது.

"இத யாரு போட்டது?"

"நாந்தாம்மா."

"அப்பம் மூணு வருசமா உள்ள இருந்தது அறுநூறுதானா?"

தலையை ஆட்டினேன். டூல் பையிலிருந்து பழைய சென்சாரை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஜே வகை என்றேன். அவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் துருப்பிடித்த காலையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூறில் கெட்டி உருண்டை வருகிறது என்பதே நல்ல கண்டுபிடிப்புதானே அண்ணாச்சி, ஜூனிலேயே சொல்லியிருந்தால் ஒரு திருத்தம் போட்டு அனுப்பியிருக்கலாமே என்றாள். குரல் ஏறவே இல்லை. ஏறியிருக்கலாம்.

பிறகு கேட்டாள்.

"மேடம் ரூம்ல வச்சி என்னைய அப்படிக் கேட்டாவள்லா, அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. அதுக்கப்புறம் செட்டிங் போடும்போதுதான் தெரிஞ்சுது."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். "அது போதும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மேடம் அறைக்குப் போனாள்.

19.8.2024, திங்கள்

தேர்வாளருக்கு இசக்கியே கடிதம் எழுதிவிட்டாள். வாய்மொழித் தேர்வு நின்றுவிட்டது. நாகர்கோவிலுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள். காத்திருக்க முடியாது, பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார்களாம். இதையெல்லாம் குழாய் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால் வாயில் வந்தது எல்லாம் குழாயைப் பற்றித்தான்.

தீசிஸ் பிழைக்க இன்னும் ஒரு வழி இருக்கிறது. வியாழக்கிழமை மூன்று பேர் கமிட்டி உட்காருகிறது. தவறு கருவியில்தான், அவள் எதையும் ஜோடிக்கவில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், திருத்தி மறுபடி அனுப்பலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் தீசிஸ் போய்விடும், பெயரும் போய்விடும். இன்றைக்கு ஒரு சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு இதுதான் மூன்று வருடமாக உள்ளே இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? எப்போது மாட்டினார்கள், எப்போது எடுத்தார்கள், நடுவில் என்ன நடந்தது, ஜூலை செட்டிங் அவளுக்குத் தெரிந்து நடந்ததா, எழுத்தில் வேண்டும்.

மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நயினார், உங்க டைரியில இருந்தா அது நடந்தது. அந்த வருஷத்து டைரியையும் இந்த வருஷத்து டைரியையும் கொண்டு வாங்க."

சரி மேடம் என்றேன். வேறு என்ன சொல்வது.

20.8.2024, செவ்வாய்

ஜூன் 28-ஐயும் ஜூலை 4-ஐயும் மட்டும் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இது தைத்த டைரி. ஒரு தாளைக் கிழித்தால் தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோடித் தாளும் கழன்று வரும். கமிட்டிக்காரர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

புது டைரி ஒன்று வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எழுதிவிடலாம் என்று ஜங்ஷன் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். 2024 டைரி ஒன்றுகூட இல்லை. நாலாவது கடைக்காரர், அடுத்த வருட டைரி நவம்பரில் வரும், வேண்டுமானால் நாற்பது பக்க நோட்டு தரட்டுமா என்று கேட்டார். வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

உலகம்மாளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, டைரியைக் கேட்கிறார்கள் என்று மட்டும்.

"உள்ளததான எழுதிருக்கிய? குடுக்க வேண்டியதுதான" என்றாள்.

உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன். என்ன எழவுக்கு எழுதினேன் என்றுதான் தெரியவில்லை.

21.8.2024, புதன்

இரண்டரை மாதமாக அலமாரியின் மேல்தட்டைப் பார்க்காமல் இருந்தேன். இன்றைக்கு ஏணி போட்டு 2021 டைரியை எடுத்தேன். ஆகஸ்ட் 12. அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

'ஃபர்னஸ் சென்சார் மாற்றினேன். புதியது வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வேதியியல் துறையின் பழைய ஓவனில் இருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டேன். எல்லாம் ஒன்றுதான். இசக்கி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், இன்றைக்கே ரன் போட்டாக வேண்டும் என்று நின்றாள். பாவம், காக்க வைக்க மனமில்லை. நன்றாக வேலை செய்கிறது.'

எல்லாம் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறேன். அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

பத்து நாள் கழித்துப் புதியது வந்ததா, வந்தால் எங்கே போனது என்று தேடினேன். ஆகஸ்ட் 23-இல் இருக்கிறது. 'புது சென்சார் வந்தது. இருப்பதே நன்றாக ஓடுகிறது. ஸ்டோரில் வைத்தேன்.' இன்று மத்தியானம் ஸ்டோரில் போய்ப் பார்த்தேன். பிரிக்காத பெட்டியில் இருக்கிறது.

22.8.2024, வியாழன்

காலை மணி பத்தேகால். கமிட்டி பதினொன்றுக்கு. இசக்கி எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மழை தூறுகிறது என்று டைரிகளைப் போட பிளாஸ்டிக் கவர் ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். "இன்னைக்கும் எழுதுதியளா அண்ணாச்சி" என்று கேட்டாள். ஐந்து நிமிடம் என்றேன். கவரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

எதிரில்தான் இருக்கிறாள், வாயால் சொல்லலாம். முயன்று பார்த்தேன், வரவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

இசக்கி, கமிட்டிக்கு வேண்டியது எல்லாம் இரண்டு டைரியிலும் இருக்கிறது. சென்சாரை மாட்டியவன் நான். சரிபார்க்காமல் சரிபார்த்ததாக மூன்று வருடம் கையெழுத்துப் போட்டவன் நான். ஜூலை 10-ஆம் தேதி இருநூறைக் கூட்டியவனும் நான், அது உனக்குத் தெரியாது. அந்தத் தேதியில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவிட்டேன். உன் பொடி நல்ல பொடி. அவர்கள் என்ன கேட்டாலும் இந்தப் பக்கங்களைக் காட்டு.

நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீ முதலில் படி. ஜூன் 28-ஐப் பார். பிறகு ஜூலை 4-ஐப் பார்.

அன்றைக்கு எனக்குத் தெரியும்.